கேமராவை மாற்றட்டுமா, மாப்ளே?

வாசலில் வெயிலைப் பிடித்துக்கொண்டு நின்றே பழகிய என் அருமை மாப்ளே ஏழுமலைக்கு,

நீ இருக்கும் இடத்தில் வெயில் உண்டா, நிழல் உண்டா, எனக்குத் தெரியவில்லை. உன்னிடம் யோசனை கேட்கத்தான் எழுதுகிறேன். பதில் வராது என்று தெரியும். நீ இருந்த காலத்தில் மட்டும் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லிவிட்டாயா என்ன?

விஷயம் இதுதான். நம் பழைய கேமராவை ஓரம் கட்டிவிட்டு, இருட்டிலும் நன்றாக எடுக்கிற புதுக் கேமரா வாங்கலாமா, வேண்டாமா? ஜமுனாமரத்தூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இத்தனை வருஷமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறவன், இதைப் போய்த் தங்கச்சியின் செத்துப்போன புருஷனிடம் கேட்கிறானே என்று படிக்கிறவர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும். காலையில் கடை திறக்கும்போது வாங்கிவிடலாம் என்றிருக்கிறது, டீ குடித்து முடிப்பதற்குள் வேண்டாம் என்றாகிவிடுகிறது. எனக்கு நானே பிடிபடவில்லை.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் மகள் கவிதாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. நீ தாத்தா ஆகிவிட்டாய். நிறம் அப்படியே உன் நிறம். அழுகை மட்டும் என் தங்கச்சி அலமேலுவினுடையது, ஆரம்பித்தால் நிற்காது. பெயர் வைத்த அன்று, கவிதாவுக்குத் தாய்மாமன் என்ற முறைக்கும் சேர்த்து, கேமராவைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன்.

உன் வீட்டு உள்ளறையை உனக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. நம் மலையில் பழைய வீடுகள் எல்லாம் அப்படித்தானே. தாழ்ந்த கூரை, குனிந்து நுழைகிற வாசல், வெளிச்சம் வர வேறு வழி கிடையாது. மாதம் முடியாமல் குழந்தையை வெளியே கொண்டுவரக் கூடாது, ஃபிளாஷ் அடிக்கவும் கூடாது என்று அலமேலு கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சரியென்று கேமராவில் ஐஎஸ்ஓவை ஏற்றினேன். இருட்டில் படம் விழ வேண்டுமென்றால் அதைத்தான் ஏற்ற வேண்டும். ஏற்றினால் நம் கேமரா தாங்காது, படம் முழுக்கப் புள்ளியடித்துவிடும். அப்படித்தான் வந்தது. குழந்தை முகத்தில் யாரோ கேழ்வரகு மாவைத் தூவிய மாதிரி இருந்தது.

அலமேலு கேமராவை வாங்கிப் பார்த்தாள். "இன்னாண்ணா இது? புள்ளைக்கு அம்மை போட்டாப்ல கீது."

"வெளிச்சம் பத்தலமா."

"இதே வூட்ல, இதே ரூம்லதான கவிதாவுக்கு நிச்சயம் பண்ணோம்? அன்னிக்கி மட்டும் எங்கருந்து வந்துச்சி வெளிச்சம்?"

கவிதாவின் வீட்டுக்காரர் தன் போனில் ஒரு படம் எடுத்துக் காட்டினார். ஒரு புள்ளி கிடையாது, பளிச்சென்று இருந்தது. ஆனால் குழந்தை வெள்ளை வெளேரென்று இருந்தது. "யாரு கொழந்தைங்க இது?" என்று கவிதாவே கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் அவமானமாக இருந்தது மாப்ளே. தொழில்காரன் நான், குழந்தை முகத்தை என்னாலும் காட்ட முடியவில்லை, போனாலும் காட்ட முடியவில்லை.

ஸ்டுடியோவுக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் கவிதாவின் நிச்சயதார்த்தப் படங்களைத் திறந்தேன். அதே அறை, அதே கேமரா. கவிதாவின் மூக்குத்திக் கல் வரைக்கும் தெரிகிறது. சம்பந்தி அம்மாள் கொட்டாவியை அடக்குவதுகூடத் தெரிகிறது. கேமரா அன்றும் மட்டமான கேமராதான், எனக்கு அது தெரியாமலே போயிருக்கிறது. அன்று வாசலுக்கு வெளியே நீ நின்றாய், அவ்வளவுதான் வித்தியாசம்.

பதினொரு வருஷம். நான் உள்ளே நிழலில், நீ வெளியே வெயிலில். ஒரு பக்கம் வெள்ளிக் காகிதம் ஒட்டிய அந்தத் தெர்மாகோல் பலகையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, வெயிலை மடக்கி வாசல் வழியாக உள்ளே அனுப்புவாய். யாராவது வாசலில் குறுக்கே வந்தால் உள்ளே இருட்டிவிடும். உடனே நான் கத்துவேன், "இன்னும் கொஞ்சம் தூக்கு மாப்ளே." நீ தூக்குவாய். அதற்கு மேல் நான் உன்னைப் பற்றி யோசித்ததில்லை.

ஒரு கல்யாணத்தில் பலகை வண்டியிலிருந்து காற்றில் பறந்து பள்ளத்தில் விழுந்து உடைந்துபோனதே, நினைவிருக்கிறதா? நீ அசரவில்லை. இடுப்பு வேட்டியை உருவி, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, அரை டிராயரோடு வாசலில் நின்றாய். அதுவரை உம்மென்றிருந்த பெண் அப்படிச் சிரித்தாள். அந்தப் படத்தைத்தான் இன்றைக்கும் ஸ்டுடியோ முகப்பில் மாட்டியிருக்கிறேன். பெண் எதைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

நிச்சயதார்த்தப் படங்களில் ஒன்றே ஒன்று மட்டும் புள்ளியடித்திருந்தது. தட்டு மாற்றும் படம். பெண்ணின் அப்பா இல்லாமல் தட்டு மாற்ற முடியாது என்று உன்னை உள்ளே கூப்பிட்டார்கள். பலகையைக் கீழே வைத்துவிட்டு வந்தாய், தட்டைக் கொடுத்தாய், "லைட்டு போய்டும் மச்சான்" என்று மறுபடியும் வெளியே ஓடினாய். நீ உள்ளே இருந்த அந்த ஒரு நிமிஷம் வெளிச்சம் பிடிக்க ஆளில்லை. கவிதா கல்யாணத்திலும் நீ பலகையோடு வெளியேதான் நின்றாய். என்னிடம் நீ இருக்கும் படம் அது ஒன்றுதான், அதில் உன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புள்ளி. நீ போனபோது கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு உன் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டோம். மச்சான் ஸ்டுடியோக்காரன், மாப்பிள்ளைக்கு ஆதார் படம். அலமேலு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருந்ததே நல்லது, பேசியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்?

இவ்வளவு தெரிந்த பிறகும் ஏன் புதுக் கேமரா வாங்கவில்லை என்கிறாயா? அதற்குக் காரணம் நீதான். இல்லை, அந்த பஸ்.

போன ஆவணியில் நாம் இரண்டு பேரும் வேலூருக்குப் போய்ப் புதுக் கேமரா பார்த்தோமே. கடைக்காரர் மேஜைக்கு அடியில் இருட்டில் எதையோ படம் எடுத்துக் காட்டி, "இனிமே லைட்டு புடிக்க ஆளே வேணாங்க" என்றார். நான் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தேன். உன் தோளைத் தட்டி, "கேட்டியா மாப்ளே, ஆளே வேணாமாம்" என்றேன். நீ சிரித்தாய். "அப்ப எனுக்கு லீவு வுட்டுட்ட" என்றாய். அப்புறம் போளூரில் பஸ் மாறி, மலை ஏறி, ஜமுனாமரத்தூரில் இறங்கும்வரை நீ ஒரு வார்த்தை பேசவில்லை. நடத்துநர் வரை எல்லோரையும் வம்புக்கு இழுக்கிற வாய் அது. இரண்டு மாதம் கழித்துச் சாமைக் கொல்லையில் அறுப்பு நடக்கும்போது மாரைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய். போளூருக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

அந்தக் கடையில் நான் வாயை அடக்கியிருக்கலாம். உன்னை வேண்டாத ஆளாக்கிவிட்டேன், அந்த மனக்குறையோடு போய்விட்டாய் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்தக் கேமராவை வாங்கினால் அன்று சொன்னதை நான் மறுபடியும் சொன்ன மாதிரி ஆகிவிடாதா?

போன வாரம் மனசு கேட்காமல் அலமேலுவிடம் இதைக் கொட்டிவிட்டேன். முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். புடைப்பதை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"கூறு கீதாண்ணா உனுக்கு? அன்னிக்கி வூட்டுக்கு வந்து இன்னா சொன்னாரு தெர்யுமா? 'உங்கண்ணன் கேமரா வாங்கப் போறாரு, இனிமே கை தூக்க வேணாம்'னாரு. ஆறு மாசமா தோள்பட்டயில வலி. தெனம் தைலம் தேச்சி தேச்சி என் கை எரிஞ்சிது."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"நானுந்தான் சொல்லச் சொன்னேன். சொன்னா வேற ஆளக் கூட்டிக்கினு போய்டுவாருன்னாரு."

"நான் கேமரா வாங்கப் போறேன்னு சொன்னாரே, சந்தோசமா சொன்னாரா?" என்று கேட்டேன்.

அவள் சாமையிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். "தெர்லண்ணா. வெத்தல போட்டுக்கினே சொன்னாரு. சிரிச்சாப்லயும் இருந்துது."

இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? கேமரா வந்தால் கைக்கு ஓய்வு என்று நினைத்தாயா, உனக்கு வேலை போய்விடும் என்று நினைத்தாயா? இரண்டையும் ஒன்றாக ஒரு மனுஷன் நினைக்க முடியுமா? அது வெறும் தோள்பட்டை வலிதானா? டாக்டரிடம் போயிருந்தால் வேறு எதையாவது கண்டுபிடித்திருப்பார்களா? நான் உள்ளிருந்து தூக்கு, தூக்கு என்று கத்திய ஒவ்வொரு தடவையும் இப்போது காதில் கேட்கிறது.

அலமேலு முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். கோழிக்கூண்டின் ஓட்டையில் அடைத்து வைத்திருந்த உன் பலகையை உருவி, கோழி எச்சத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். "வெயில் மேகத்துக்குள்ள போறதுக்குள்ள வா. புள்ள மூஞ்சிய எடு" என்று வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டாள்.

நான் உள்ளே போனேன். கவிதா குழந்தையை மடியில் வைத்திருந்தாள். வெளிச்சம் குழந்தையின் வயிற்றில் விழுந்தது, முகம் வரைக்கும் ஏறவில்லை. பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது. "இன்னும் கொஞ்சம் தூக்கு மாப்ளே."

கவிதா தலையைக் குனிந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து வெளிச்சம் மெதுவாக ஏறிக் குழந்தையின் முகத்துக்கு வந்தது. குழந்தை மூக்கைச் சுருக்கிக்கொண்டு ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தது. எடுத்துவிட்டேன். கறுப்பாக, முழுசாக, உன் பேத்தியாகவே இருக்கிறாள். அடுத்த படத்துக்குள் வெளிச்சம் நடுங்க ஆரம்பித்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், பலகையை இறக்காமல் அழுதுகொண்டு நிற்கிறாள் என் தங்கச்சி. பிடுங்கிக்கொண்டு அவளை உள்ளே போகச் சொன்னேன்.

அப்புறம் நான் அதைத் தூக்கிப் பிடித்தேன். பதினொரு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. ஐம்பது எண்ணுவதற்குள் தோள் விட்டுப்போனது. வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. உள்ளே அலமேலு பேத்தியை வாங்கிக்கொண்டாளா என்று பார்த்தேன். வாசல் வெறும் கறுப்பாக இருந்தது. யாரும் தெரியவில்லை. அங்கிருந்து ஒன்றுமே தெரியாதா மாப்ளே? இத்தனை கல்யாணத்துக்கு என்னோடு வந்தாயே, ஒரு தாலி கட்டுவதையாவது கண்ணால் பார்த்தாயா? ஊருக்கெல்லாம் முகம் தெரிய வைத்துவிட்டு நீ எதையும் பார்க்காமல் நின்றிருக்கிறாய். நான் ஒரு தடவை வெளியே வந்து பார்த்திருந்தால் போதும், தெரிந்திருக்கும். வரவில்லை. என்னை மன்னித்துவிடு.

குழப்பம் தீர்ந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். அந்த பஸ்ஸில் நீ என்ன நினைத்துக்கொண்டு வந்தாய் என்று எனக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை. ஆனாலும் புதுக் கேமராவை வாங்கப் போகிறேன். படம் எடுக்கும்போது என்னோடு வருகிறவர் யாரும் இனி வாசலுக்கு வெளியே நிற்கக் கூடாது, அதற்காக. உன் பேத்திக்குக் காது குத்தும்போது அலமேலு உள்ளே இருப்பாள், படத்தில் இருப்பாள், எல்லாவற்றையும் பார்ப்பாள். இது உனக்கு நான் செய்து தரும் சத்தியம்.

இத்தனை வருஷத்தில் உன்னிடம் ஒரு தடவைகூடச் சொல்லாததை இப்போது சொல்லிவிடுகிறேன். போதும் மாப்ளே. கையை இறக்கிக்கோ.

அலமேலுவுக்கு அண்ணன், உனக்கு என்றைக்கும் மச்சான்,
முருகேசன்