ஊர் மலரில் ஒரு வரி

பெப்ரவரி 9
மழை. வடகடல் காற்று. முழங்கால் நோ, மாத்திரை முடிந்தது.
இந்த ஜெர்மன் கடற்கரை ஊருக்கு விழா வருகிறதாம். மலர் போடுகிறார்கள். சுற்றுலா அலுவலகத்தில் வேலை செய்யும் ஆரணி வந்தாள். இங்கேயே பிறந்தவள். என்னிடம் கேட்டது, நான் சுருட்டிப் பொரிக்கும் றோல்ஸின் செய்முறை.
"எல்லாருக்கும் உங்கட றோல்ஸ் விருப்பம், மாமா."
"முப்பது வருசமா ஹோட்டல்ல கோப்பை கழுவினனான். அதைப் போடச் சொல்லு."
சிரித்தாள். பல்லைக் காட்டத்தான் பழக்கியிருக்கிறார்கள்.

பெப். 11
அகராதியோடு உட்கார்ந்து ஊர் வரலாற்றை நானே ஜெர்மன் மொழியில் எழுதினேன். மீனவர் குடிசைகள். பிறகு சக்கரம் பூட்டிய குளிப்பு வண்டிகள், அவற்றுக்குள்ளிருந்து கடலில் இறங்கிய சீமாட்டிகள். பிறகு யூதர் வரக்கூடாது என்ற பலகை. போர் முடிந்து வந்த ஜெர்மன் அகதிகள், அவர்களையும் ஊர் வெறுத்தது. பிறகு கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் அகதிகளாக இறங்கிய நாங்கள், பூட்டிக்கிடந்த விடுதியில் பன்னிரண்டு பேர். இந்த ஊருக்கு மனிதர் கிடையாது, விருந்தினர்தான். ஒக்டோபரில் கடற்கரைக் கதிரைகளை உள்ளே எடுத்துவிட்டு எங்களை மறந்துவிடும்.
அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவனான செல்வராசாவையும் எழுதினேன். இந்தக் கடல் நாளுக்கு இருமுறை வற்றித் திரும்பும். அன்று வற்றிக் கிடந்தது. எங்கள் ஊரில் ஆழமில்லாத பரவைக்கடலில் நடந்து பழகியவன், எதிரே தெரிந்த தீவுக்கு நடந்து காட்டுகிறேன் என்றான். எச்சரிக்கைப் பலகை ஜெர்மன் மொழியில், எங்களுக்கு வாசிக்கத் தெரியாது. தண்ணீர் திரும்பி வந்தது. மூன்றாம் நாள் உடலை எடுத்தார்கள்.
கரையில் நின்று "நட, நட" என்று கைதட்டியவன் நான். அதை எழுதவில்லை.

பெப். 14
வரலாறு வேண்டாமாம். ஆரணி சொன்னாள், "செல்வராசா மாமாவுக்கு ஒரு வரி தருவினம். கெஞ்சித்தான் வாங்கினனான். ஆனா பேரை முன்பின்னா மாத்தி எழுதுங்கோ. முன்னுக்கு இருக்கிற பேரைத்தான் முழுசாப் போடுவினம். பின்னுக்கு இருக்கிறதுக்கு ஒரு எழுத்து."
"தகப்பன் பேர் முன்னுக்கு. அதுதான் முறை. கந்தையா செல்வராசா."
"சொல்லுறதைக் கேளுங்கோவன், மாமா..."
"தமிழ் வாசிக்கத் தெரியாத நீ எனக்குப் பேர் எழுதப் பழக்கிறியோ?"
கண் கலங்கிப் போனாள். போகட்டும்.

மே 20
வெயில். மணல் முழுக்கச் சிவந்த முதுகுகள். மலர் வந்தது. நாய்களுக்கான கடற்கரைக்கு மூன்று பக்கம். யூதர் பலகைக்கு ஒரு சொல் இல்லை. கடைசிப் பக்கத்தில் "கடல் கொண்ட எமது விருந்தினர்". கீழே:
கந்தையா எஸ்.
கந்தையா தன் வீட்டுக் கட்டிலில் செத்தவர். இந்தக் கடலைக் கண்டதே இல்லை. மகன் போன செய்தியை அவருக்கு எழுதியதும் நான்தான்.

மே 21
ஆரணி தொலைபேசியில். "திருத்தச் சீட்டு அடிச்சு ஒட்டலாமாம், மாமா. பேரைப் பிழையாத் தந்தது நீங்கள் எண்டு ஒரு கையெழுத்து வேணும்."
"பிழை உன்ரை எண்டு நீ கையெழுத்து வை."
"நான் அப்பவே சொன்னனான்..."
"வைக்கிறதெண்டா வை. நான் வைக்கமாட்டன்."
பிறகு, "அப்ப ஒட்ட ஏலாது, மாமா."
தொலைபேசியை வைத்துவிட்டாள்.
கந்தையா எஸ். அப்படியே கிடக்கட்டும்.