தெட்சுவுக்கு இப்போது வேறு பெயர்

கமிசவா, அகிதா மலைப்பகுதி
1945, பிப்ரவரி 9

அன்பு நண்பன் தோமேசோவுக்கு,

கென்கிச்சி எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று நானும் மிட்சுவும் காலையில் எழுந்ததும் வேண்டிக்கொள்கிறோம்.

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. நம் பள்ளிக்கூட வாத்தியார் குதோவுக்கு, முப்பத்தொன்பது வயதில், பட்டாளத்துக்கு அழைக்கும் சிவப்புச் சீட்டு வந்துவிட்டது. உன் படைப்பிரிவு இருக்கும் வடசீனப் பக்கம்தான் அவரையும் அனுப்புகிறார்களாம். வயிற்றில் சுற்றும் துணிக்குள் வைத்துத் தைத்து எடுத்துப்போகிறேன் என்றார். என்ன எழுதப் போகிறேன் என்று கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே அவர் செய்த பெரிய உதவி. படித்து முடித்ததும் இதை நெருப்பில் போட்டுவிடு.

இந்த வருஷம் பனி அதிகம். உன் வீட்டுக் கூரையில் மூன்று முறை ஏறிப் பனியைத் தள்ளிவிட்டாள் உன் ஷிகே. உதவிக்கு நான் போனபோது கதவைச் சாத்திக்கொண்டாள். உருளைக்கிழங்கும் முள்ளங்கியும் ஏப்ரல் வரை தாங்கும். செப்டம்பருக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. தபால்காரர் பனிக்காலணியோடு மேலே ஏறி வருவது தெரிந்தால் ஷிகே வாசலுக்கு வந்துவிடுவாள். அவர் தலை குனிந்து வணங்கிவிட்டுக் கடந்து போனதும், பனி தள்ளத்தான் வந்தவள் போல மண்வாரியை எடுத்துக்கொள்வாள்.

தெட்சுவை நான் பிடித்துக் கொடுத்துவிட்டேன் என்று அவள் உனக்கு எழுதியிருப்பாள். அந்தக் கடிதம் உன் கைக்கு வந்திருந்தால் என்னைப் பற்றி நீ என்ன நினைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். தெட்சு உயிரோடு இருக்கிறான், தோமே. நல்ல பசியோடு இருக்கிறான்.

நடந்ததைச் சொல்கிறேன். டிசம்பரில் உத்தரவு வந்தது. வீட்டு நாய்களையெல்லாம் ஒப்படைக்க வேண்டும். வடக்கே இருக்கும் சிப்பாய்களின் அங்கிகளுக்கு ரோமத் தோல் வேண்டுமாம். மனிதருக்கே இல்லாத சாப்பாட்டை நாய்க்குப் போடுவது நாட்டுக்குச் செய்யும் துரோகமாம். கரடி இறங்கும் ஊர் என்பதால் நமக்கு ஒரே ஒரு வேட்டை நாயை மட்டும் விட்டுவைத்தார்கள். என் குமாவின் கழுத்தில் அதற்கான தகடு ஏறியது. பத்து வீட்டுக்குத் தலைவன் நான் என்பதால் அப்படி எழுதிவிட்டார்கள். நான் கேட்டு வாங்கவில்லை. மற்ற ஆறு நாய்களையும் சேர்த்து, கீழே ஊர்ப் பள்ளி மைதானத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டியவனும் நான்தான். ஒரு நாய் குறைந்தாலும் பத்து வீட்டுக்கும் ரேஷன் நிற்கும் என்று போலீஸ்காரர் ஓனோதெரா என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார்.

நீ ரயில் ஏறிய அன்று சொன்னது எனக்கு மறக்கவில்லை. "ஷிகேயைப் பாத்துக்கன்னு சொல்ல மாட்டேண்டா, அவ உன்னையும் சேத்துப் பாத்துக்குவா. தெட்சுவை மட்டும் பாத்துக்க" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நொண்டிக் காலோடு நான் கொடியை ஆட்டிக்கொண்டு நின்றேன், நீ போனாய்.

தெட்சுவை வாங்க நான் போனபோது ஷிகே அழவில்லை. அவனுக்குத் தன் பங்குக் கஞ்சியை ஊற்றி, அவன் குடித்து முடிக்கும்வரை என்னை வெளியே நிற்க வைத்தாள். பிறகு கயிற்றை என் கையில் கொடுத்து, "கூட்டிட்டுப் போங்க, தலைவரே" என்றாள். இருபது வருஷமாக அண்ணே என்று கூப்பிட்டவள்.

மறுநாள் காலை கொட்டகையில் குமாவும் தெட்சுவும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தார்கள். ஒரே ஈற்றுக் குட்டிகள், ஒரே செம்பட்டை நிறம். தெட்சுவின் இடது முன்கால் விரல்கள் மட்டும் வெள்ளை. குமாவின் தகட்டைக் கழற்றி தெட்சுவுக்கு மாட்டினேன். அடுப்புக் கரியை எண்ணெயில் குழைத்து அந்த விரல்களில் தேய்த்தேன். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை. இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்பதுதான் இப்போதும் என்னை வதைக்கிறது.

மற்ற ஐந்தையும் கட்டித்தான் கூட்டிப்போனேன். குமாவுக்குக் கயிறே தேவைப்படவில்லை. வேட்டைக்குப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடி, நான் வருகிறேனா என்று வளைவுக்கு வளைவு நின்று பார்த்தான். மைதானத்தில் கணக்கர் பட்டியலைப் பார்த்து, "தோமேசோ வீட்டு நாயா?" என்றார். ஆமாம் என்றேன். மற்றவை குரைத்துக்கொண்டும் இழுத்துக்கொண்டும் இருந்தன. குமாவிடம் உட்கார் என்றேன், உட்கார்ந்தான். இரு, வருகிறேன் என்றேன். அவன் இருந்தான். நான் திரும்பிப் பார்க்காமல் மலை ஏறினேன்.

உனக்கு விசுவாசமாக இருக்கப் போய், எனக்கு விசுவாசமாக இருந்தவனை இப்படிச் செய்துவிட்டேன். எது சரி என்று எனக்குப் பிடிபடவில்லை. உனக்காகச் செய்தேனா, திரும்பி வந்து நீ கேட்டால் என்ன சொல்வது என்ற பயத்தில் செய்தேனா, அதுவும் தெரியவில்லை. மிட்சு என்னிடம் பேசுவதை விட்டுவிட்டாள். தெட்சுவுக்குச் சோறு வைப்பாள். ஆனால் குமா என்று ஒரு நாளும் அவனைக் கூப்பிட்டதில்லை. "ஏய், சாப்பிடு" என்பதோடு சரி.

நாயை இழந்த வீட்டுக்காரர்கள் என் வீட்டுப் பக்கமே வருவதில்லை. தன் நாயை மட்டும் காப்பாற்றிக்கொண்ட பயல் என்று பேசிக்கொள்கிறார்கள். அந்தக் கோபம்தான் எங்களுக்குப் பாதுகாப்பு. ஷிகேயிடமும் உண்மையைச் சொல்லவில்லை. தெரிந்தால் அவள் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தேன். ஆனால் தெட்சுவை என்ன செய்வது? பின்கட்டில் கட்டிப் போட்டிருந்தாலும், பாதையில் அவள் நடந்துபோகும் சத்தம் அவனுக்குத் தெரிந்துவிடும். முனகுவான், கயிற்றைக் கடிப்பான். அவன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, காலடிச் சத்தம் தேயும்வரை பனியில் முட்டிபோட்டு உட்கார்ந்திருப்பேன். அவனுடைய விசுவாசமே எங்களைப் பிடித்துக் கொடுத்துவிடும் என்று நடுங்கிக்கொண்டே இரண்டு மாதம் போயிற்று.

ஜனவரி கடைசியில் ஒரு பிற்பகல் ஓனோதெரா வந்தார். அனுமதி பெற்ற வேட்டை நாய்களைப் பார்வையிடுகிறாராம். தெட்சுவை முற்றத்துக்குக் கொண்டுவந்தேன். அவர் பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, "குமா, இங்க வா" என்றார். அவன் காதைக்கூட அசைக்கவில்லை.

"என்ன கென்கிச்சி, உன் நாய் செவிடா?"

"வயசாயிடுச்சுங்க ஐயா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"நாலு வயசுன்னுல்ல எழுதியிருக்கு?" என்றார். குனிந்து தகட்டைத் திருப்பிப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து ஷிகே, வீடு வீடாகக் கைமாறிப் போகும் சுற்றறிக்கைப் பலகையோடு படலைத் திறந்தாள். கயிறு என் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு போனது. தெட்சு அவள் காலடியில் விழுந்து, மல்லாந்து, குட்டி மாதிரி அழுதான். பனியில் புரண்டதில் கரி அழிந்து விரல்கள் வெளுத்தன. அவள் பார்த்தாள். அவள் பார்த்ததை நான் பார்த்தேன். தோமே, என் வாழ்நாளில் அப்படி நான் பயந்ததில்லை. மரம் உருண்டு என் காலில் விழுந்த அன்றுகூட.

"ஏம்மா, உன்கிட்ட இதுக்கு ரொம்ப நாள் பழக்கம் போல இருக்கே?" என்றார் ஓனோதெரா.

ஷிகே வாசலில் சாய்த்திருந்த பனிவாரியை எடுத்தாள். காம்பால் அவன் முதுகில் அடித்தாள்.

"என் புருஷன் நாயைத் தோலுரிக்க அனுப்பிட்டு, தலைவரு தன் நாய்க்கு மட்டும் தகடு மாட்டி வச்சுக்கிட்டாரு. இப்ப அது வந்து என் கால்ல விழுந்து கொஞ்சுதாக்கும். போ, தள்ளிப் போ" என்று மறுபடியும் அடித்தாள். அவனை விரட்டுவதுபோல, வெளுத்த அந்த விரல்களின் மேலே காலாலேயே பனியை வாரித் தள்ளினாள். அவன் உறுமவில்லை. ஒதுங்கவும் இல்லை. அவளுடைய வைக்கோல் காலணியை நக்கிக்கொண்டே கிடந்தான்.

"விடும்மா, அது என்ன பண்ணும், பாவம்" என்று ஓனோதெரா சிரித்துவிட்டார். "பொம்பளைங்ககிட்ட வாங்கிக் கட்டிக்கிறதும் தலைவர் உத்தியோகத்துல சேத்திதான், கென்கிச்சி" என்று சொல்லிப் பதிவேட்டை மூடினார். ஷிகே பலகையை என் காலருகே போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

மூன்று நாள் கழித்து ஊற்றுத் தொட்டியருகே என்னைத் தனியாகப் பிடித்தாள். "அண்ணே" என்றாள். பிறகு, "அன்னிக்குக் கீழே போனது யாரு?" என்று கேட்டாள்.

"குமா" என்றேன்.

வாளியைக் கீழே வைத்தாள். "மிட்சு அக்காவுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். "நான் அடிச்சது அவனுக்கு வலிச்சிருக்குமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அது பொய். முதுகில் இன்னும் வீக்கம் இருக்கிறது, தொட்டால் சுருங்குகிறான். அதன்பிறகு, அவன் சத்தம் போட்டுவிடக் கூடாது என்று, அவள் எங்கள் பாதையில் வருவதில்லை. தண்ணீருக்குக்கூட ஓடையைச் சுற்றிக்கொண்டு போகிறாள்.

போன வாரம் புது உத்தரவு வந்திருக்கிறது. மார்ச் கடைசியில் வேட்டை நாய்களையும் பதிவேட்டோடு மைதானத்துக்குக் கொண்டுவர வேண்டுமாம். மிருக வைத்தியர் பல்லையும் அடையாளத்தையும் சரிபார்ப்பாராம். தகுதியில்லாததைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். அதைப் படித்துக் காட்டியபோதுதான் மிட்சு இத்தனை நாளைக்குப் பிறகு வாய் திறந்தாள். "இன்னொரு தடவை நீங்க கயித்தைப் பிடிச்சுக்கிட்டு மலை எறங்கினா, நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன்" என்றாள்.

ஆகவே பனி கரையத் தொடங்கியதும் தெட்சுவை இரண்டாம் பள்ளத்தாக்குக்கு அப்பால், பழைய கரிச்சூளைக் குடிசைக்குக் கொண்டுபோகிறேன். கரடி அடித்துவிட்டது என்று எழுதிக் கொடுப்பேன். ஷிகேயும் மிட்சுவும் மாற்றி மாற்றிச் சாப்பாடு கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பிடிபட்டால் என்னோடு போகாது. பத்து வீட்டுக் குழந்தைகள் வயிற்றிலும் அடிக்கும். இது தெரிந்துதான் செய்கிறேன். சரி என்று சொல்ல மாட்டேன். யாராவது படலைத் திறந்தால் முதலில் தெட்சுவின் விரல்களைத்தான் பார்க்கிறேன். தூங்கினால் மைதானம் வருகிறது, யாரோ அங்கே இன்னும் உட்கார்ந்திருப்பது போல.

காலை ஈரமாக விடாதே. கிடைத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிடு. மலைத் தெய்வம் உன்னை மறைத்து வைத்துக் காப்பாற்றட்டும். வாத்தியார் உன்னைக் கண்டுபிடித்துவிட்டால் அவரிடம் ஒரு தபால் அட்டை இருக்கும். அதில் செய்தி ஒன்றும் எழுத வேண்டாம். ஷிகேயின் முகவரியை மட்டும் உன் கையால் எழுதிப் போடு. தோமே, அது போதும் எங்களுக்கு. எழுதிப் போட்டுவிடு.

உன்னை எதிர்பார்த்திருக்கும்,
கென்கிச்சி