ராக்குவின் காலடி மண்

போடி,
3.5.1979

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி திருப்பதி எழுதுகிறேன். உன் மகள் ராக்குவின் இருமல் நின்றதா? ஜீப்பு டிரைவர் கோட்டைச்சாமி அண்ணனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். பதிலையும் அவரிடமே கொடு.

ஒரு நல்ல சேதி. முதலாளியின் பேரனுக்கு ஐந்தாவது பிறந்தநாள் வருகிறது. இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மேலே எஸ்டேட் பங்களாவின் முன்னால் புல்தரையில் பிள்ளைகளுக்கு விருந்து வைக்கிறார்கள். மதுரையிலிருந்து கார்களில் வருகிறார்கள். பலூன், மைக் செட்டு, சாக்கு ஓட்டம், எலுமிச்சங்காய்க் கரண்டி ஓட்டம், பெரிய கேக்கு. அத்தனையும் என் பொறுப்பு.

"ஏலக்காயைச் சலிக்க மட்டும்தான் தெரியுமாடா, இல்ல ஒரு காரியத்தை எடுத்து நடத்தவும் தெரியுமா, பாப்போம்" என்றார் முதலாளி. இது ஒழுங்காக முடிந்தால் கணக்குப்பிள்ளை பக்கத்தில் உட்காரலாம். இல்லாவிட்டால் காலம் பூராவும் கடையின் பின்கட்டில் சாக்கு மேல்தான் தூக்கம்.

நீ பார்த்துக்கொள்கிற கொட்டகைப் பிள்ளைகளைக் குளிப்பாட்டிச் சுத்தமாக வைத்திரு என்றும் சொன்னார்கள்.

உன் தம்பி,
திருப்பதி


எஸ்டேட்,
6.5.1979

தம்பி திருப்பதிக்கு,

அக்கா எழுதுகிறேன். இருமல் நின்றுவிட்டது. வாய்தான் நிற்கவில்லை.

முதலில் மழையைச் சொல்லிவிடுகிறேன். மத்தியானம் திரும்பினால் போடிமெட்டுப் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. காலையிலேயே விருந்தை முடித்துவிடச் சொல். புல்லில் அட்டை இருக்கிறது. முந்தின நாளே உப்பும் சுண்ணாம்பும் தூவ ஆள் விடு. பங்களா பூட்டியே கிடக்கிறது, ஓடு மாற்றப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். மழை வந்தால் ஒதுங்க ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரைத் தவிர வேறு கூரை கிடையாது.

பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். அம்மாக்கள் ஏலக்காட்டு வேலைக்குப் போனபிறகு பூரா நாளும் சாக்கு ஓட்டம்தான். ஒச்சப்பன் மகன் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டான். "கேக்குன்னா பணியாரம் மாதிரியா ஆத்தா?" என்கிறாள் ராக்கு. எனக்கு மட்டும் தெரியுமா என்ன?

எனக்கு உன்னை நினைத்துச் சந்தோஷம்தான். புருஷன் போன பிறகு இந்தப் பிள்ளைக் கொட்டகை வேலையும் லயத்து அறையும் கிடைத்தது உன் முதலாளி வாக்கால்தான் என்பதை மறக்கவில்லை.

உன் அக்கா,
சுருளியம்மாள்


போடி,
10.5.1979

அன்புள்ள அக்காவுக்கு,

காலையில் வைக்க முடியாதாம். மதுரைக்காரர்கள் தூங்கி எழுந்து வரவேண்டும். மூன்று மணிக்குத்தான். மழையைச் சொன்னேன். "மழைக்குப் பயந்தா மலையில எஸ்டேட்டு எதுக்குடா?" என்றார்.

இன்னொன்று. எப்படி எழுதுவது என்று இரண்டு நாளாக யோசித்தேன். நம் பிள்ளைகளைச் சுத்தமாக வைக்கச் சொன்னது விருந்துக்கு அல்ல. வருகிறவர்கள் கண்ணில் தப்பித்தவறிப் பட்டால் அசிங்கமாக இருக்கக்கூடாது என்பதற்காம். அன்றைக்கு அவர்களை ஸ்டோருக்குள் வைத்துப் பூட்டவேண்டும் என்கிறார் முதலாளியம்மா. "காஞ்ச கண்ணுடா அதுக. எம் பேரன் கேக்கு திங்கையில ஒரு பார்வை பாத்துச்சுகன்னா போதும்" என்றார்.

இப்போது சீசன் இல்லை, அடுப்பு எரியாது, சூடு இருக்காது. விருந்து முடிந்ததும் ஆளுக்கொரு பலூனும் ஒரு துண்டு கேக்கும் நானே கொண்டுவந்து தருகிறேன். கொஞ்ச நேரம்தான் அக்கா. எனக்காக.

விருந்தாளிகள் முன்னால் வெறுங்காலோடு நிற்கக்கூடாதென்று புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். கடிக்கிறது.

உன் தம்பி,
திருப்பதி


எஸ்டேட்,
13.5.1979

தம்பி திருப்பதிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். ராக்குவுக்கு எழுத்துக்கூட்டத் தெரியும்.

நான் மாட்டேன் என்று சொன்னால் என்ன ஆகும்? அறை எஸ்டேட்டுடையது. அரிசி எஸ்டேட்டுடையது. ஜீப்பும் எஸ்டேட்டுடையது, கோபித்துக்கொண்டு கீழே இறங்கவும் அவர்களைத்தான் கேட்கவேண்டும். ஆகவே உள்ளே போகிறோம். அம்மாக்கள் கேட்டார்கள். சொன்னேன். குருவம்மாள், "வெயில் காலத்துல எங்க கையி ஏலச்செடிக்கு ஆகுது, எங்க புள்ளைக கண்ணு ஆகலையாக்கும்" என்று காறித் துப்பிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அவளும் போகத்தானே வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வெளியே பூட்டாதே. நானும் உள்ளே இருப்பேன். உள்தாழ்ப்பாளை நானே போட்டுக்கொள்கிறேன். ஒரு பிள்ளைகூட வெளியே வராது. அதற்கு நான் பொறுப்பு.

அக்கா,
சுருளியம்மாள்


எஸ்டேட்,
22.5.1979

தம்பி திருப்பதிக்கு,

வெளியே நடந்தது உனக்குத் தெரியும். உள்ளே நடந்ததை எழுதுகிறேன்.

நான் தாழ்ப்பாள் போட்ட பிறகு வெளியே பூட்டு விழுந்த சத்தம் கேட்டது. "மாமா வெளையாட்டுக்குப் பூட்டுறாரா ஆத்தா?" என்றாள் ராக்கு. ஆமாம் என்றேன்.

இருட்டில் ஏலக்காய் வாசனையில் தலை வலித்தது. மைக் செட்டில் பேர் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் ஒச்சப்பன் மகன் எழுந்து எழுந்து உட்கார்ந்தான். சின்னது ஒன்று உடுப்போடு மூத்திரம் போய்விட்டது. பலகை இடுக்கில் கண் வைக்க ஆளாளுக்கு முண்டினார்கள். பார்க்கக்கூடாது என்று நானே அடித்தேன். "நாம என்னத்தக் களவாண்டோம்?" என்று ராக்கு கேட்டபோது அவளையும் அடித்தேன்.

பிறகு மழை. கதவை உடைக்கிற மாதிரித் தட்டினார்கள். நீ பூட்டைத் திறந்தாய், நான் தாழ்ப்பாளை எடுத்தேன். நனைந்த பிள்ளைகள் உள்ளே வந்து விழுந்தார்கள். அந்தப் பேரன் இருட்டைப் பார்த்து வீறிட்டான். பெரியவர்கள் எல்லாரும் கேக்கைக் காப்பாற்றப் போயிருந்தார்கள். ராக்குதான் தன் பாவாடையால் அவன் தலையைத் துவட்டினாள். "அழுகாத, நாங்க இம்புட்டு நேரம் இங்கனதான இருந்தோம், ஒண்ணும் செய்யாது" என்றாள். நீயும் பார்த்துக்கொண்டுதான் நின்றாய்.

கேக்கு மழையில் கரைந்துவிட்டது என்று கோட்டைச்சாமி அண்ணன் சொன்னார். பலூன் என்ன ஆனது?

சுருளியம்மாள்


போடி,
25.5.1979

அன்புள்ள அக்காவுக்கு,

பலூனைப் பற்றிக் கேட்காதே. எல்லாம் என் தலையில் விழுந்திருக்கிறது. பேரனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். மழையில் நனைந்ததால் என்று டாக்டர் சொல்கிறார். முதலாளியம்மா நம்பவில்லை. ஸ்டோருக்குள் தொட்ட பிள்ளையின் கண்தான் என்கிறார்.

ராக்குவின் காலடி மண் வேண்டுமாம். மிளகாய், உப்போடு சுற்றித் தீயில் போட. ஒரு பிடி போதும். கோட்டைச்சாமி அண்ணனிடம் கொடுத்துவிடு. பிள்ளைக்குத் தெரியவே வேண்டாம், அவள் நடந்துபோன பிறகு எடுத்தால் ஆச்சு. இது மட்டும் வந்துவிட்டால் என் வேலை தப்பிக்கும். பூட்டச் சொல்லி நின்றார்கள் அக்கா, நான் என்ன செய்ய? எனக்குப் போக்கிடம் ஏது?

தம்பி,
திருப்பதி


எஸ்டேட்,
27.5.1979

திருப்பதிக்கு,

தொட்டது எந்தப் பிள்ளை என்று அந்தம்மாவுக்கு எப்படித் தெரிந்தது? எங்கள் பிள்ளைகளின் முகமே அவர்களுக்குத் தெரியாது. அந்தக் கூட்டத்தில் ராக்குவின் பேர் தெரிந்தவன் நீ ஒருவன்தான்.

அவள் இப்போது கொட்டகைப் பிள்ளைகளை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றுகொள்கிறாள். அதுதான் விளையாட்டு. சாவிக்கு ஒரு குச்சி வைத்திருக்கிறாள். நாங்கள் இங்கேதான் கிடப்போம். எங்களுக்கும் போக்கிடம் இல்லை. ஆனால் அவள் காலடியில் ஒரு பிடி மண்ணைக்கூட நான் எடுக்கமாட்டேன்.

பொட்டலத்தில் மண் இருக்கிறது. ஸ்டோர் வாசலில், கூரைக்குக் கீழே, ஒரு செருப்புத் தடம் அழியாமல் இறுகிக் கிடந்தது. மழையில் நீ பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்ற இடம். அதைத்தான் கரண்டியால் பெயர்த்து எடுத்தேன். செருப்புக்கால் மண் செல்லுமா என்று அந்தம்மாவிடமே கேட்டுக்கொள்.

கண் பட்டிருந்தால் மிளகாய் எரியும்போது நெடி வராது என்பார்கள். நீயே தீயில் போட்டு, நீயே பக்கத்தில் நின்று பார். இருமல் வந்ததா இல்லையா என்று எனக்கு எழுத வேண்டாம்.

சுருளியம்மாள்