மாலை போட்ட பம்பு

ஆயுத பூஜை, இரவு.

காலையில் எங்கள் களிமண் ஆலையின் பம்புக்குச் சந்தனம் பூசி மாலை போட்டோம். மத்தியானம் மழை கொட்டியது. களிமண் கழுவிய வெள்ளைத் தண்ணீர் தேங்கும் கீழ்க்குட்டை கரைமட்டத்துக்கு ஏறிவிட்டது. உடைந்தால் ஊராரின் நாற்றங்கால் சுண்ணாம்பு அடித்தாற்போல் ஆகிவிடும். தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றச் சொன்னேன்.

"பூஜை போட்டத இன்னிக்குத் தொட மாட்டேன் சார். நாளைக்குத்தான் ஓட்டுவேன்" என்றான் பம்பு ஓட்டும் பிட்டர் கோவிந்தன்.

"நாளைக்குக் கரையே இருக்காதுடா!"

கடைசியில், தள்ளி நின்று கைகட்டியபடி அவன் சொல்லச் சொல்ல, நானே பம்பு எஞ்சினின் கைப்பிடியைச் சுற்றிக் கிளப்பினேன். ஓடியது. அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தன் ஊரான குறிஞ்சிப்பாடிக்குப் போய்விட்டான்.

இப்போது கீழ்க்குட்டை பாதி வடிந்துவிட்டது. மேல்தொட்டி தளும்பி நிற்கிறது. அது வழிந்தாலும் அதே நாற்றங்காலுக்குத்தான் போகும். எண்ணெய் தீர்ந்தாலாவது எஞ்சின் நிற்கும். யுத்தத் தட்டுப்பாட்டுக்குப் பயந்து முழுக்க நிரப்பி வைத்தவனும் நான்தான். கோவிந்தனைக் கூட்டிவர வாட்ச்மேனை சைக்கிளில் விரட்டினேன், இன்னும் காணோம். பம்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. கிளப்பத்தான் சொல்லிக்கொடுத்தான். நிறுத்துவது எப்படி என்று நான் கேட்கவே இல்லை.