ஜூலைத் தாளில் உன் படம்

திருத்தணி
டிசம்பர் 16

அன்புள்ள தேவிப்பிரியாவுக்கு,

அம்மா சந்திரா எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம், என் முட்டி வலியையும் சேர்த்து. போனில் பேசினால் நீ அழுவாய், நானும் அழுவேன், விஷயம் அப்படியே நின்றுவிடும். அதனால் உன் தோழி அனிதாவிடம் ஓசூர் விலாசம் வாங்கி எழுதுகிறேன்.

ஐப்பசியில் உன் நைனாவுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தது. மலைமேல்தான். நீ உன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டு போனபின் வீட்டில் நடந்த முதல் விசேஷம். சொந்தக்காரர்கள் எல்லோரும் பேசி வைத்துக்கொண்டு வந்த மாதிரி உன்னைப் பற்றிக் கேட்காமலே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். கேட்டிருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும். நின்று நின்று கால் வீங்கினதுதான் எனக்கு மிச்சம்.

அந்தப் படங்களைப் போட்டு காலண்டர் அடித்து, மாதக் கடைசியில் படித் திருவிழாவுக்கு வருகிறவர்களுக்கு வீட்டுக்கு ஒன்று கொடுக்கலாம் என்றான் உன் அண்ணன் அசோக்குமார். யோசனை அவனுடையது, அலைச்சல் என்னுடையது. மாதத்துக்கு ஒன்றாகப் படம் பொறுக்கினேன். ஜூலைக்கு, எல்லோரும் வரிசையாக நிற்கும் குடும்பப் படம். அதில் நீ மட்டும் இல்லை. மனசு கேட்கவில்லை. உன் காலேஜ் படத்தை எடுத்துக்கொண்டு போய், இதையும் மேல் மூலையில் சேர்த்துவிடுங்கள் என்று அச்சுக் கடைக்காரர் துரைக்கண்ணுவிடம் கொடுத்தேன். உன் நைனாவிடம் சொல்லவில்லை. வாதாட எனக்குத் தெம்பில்லை. அச்சாகி வந்தபின் திட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

துரைக்கண்ணு கல்யாணப் பத்திரிகையும் அடிப்பார், கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அடிப்பார். குடும்பப் படத்தில் ஒருவரை மட்டும் மேலே தனியாக வைக்கச் சொன்னால், அவர் காலமாகிவிட்டார் என்றுதான் அவருக்குக் கணக்கு. ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் படத்துக்கு ரோஜா மாலை போட்டு, கீழே குத்துவிளக்கும் ஏற்றி அடித்துவிட்டார்.

காலண்டர் கட்டைப் பிரித்தது உன் நைனா. நீ போன அன்று குழாயடியில் உட்கார்ந்து தலைமுழுகி, இனி எனக்கு ஒரே பிள்ளைதான் என்று சொன்ன மனிதர். ஜூலைத் தாளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அப்படியே கட்டைத் தூக்கி வண்டியில் வைத்தார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். கடை வாசலில் நின்று, "உயிரோட கீற பொண்ணுக்கு மாலை போடுவியா நீ? என் பொண்ணு ஓசூர்ல குடும்பம் நடத்திகினு கீறாய்யா!" என்று அவர் போட்ட சத்தத்தில், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நீ ஓசூரில் இருப்பதை நான் அவரிடம் சொன்னதே இல்லை. துரைக்கண்ணு பயந்துபோய், "தப்புதாங்க, அந்தத் தாளை மட்டும் மாத்தி அடிச்சுத் தந்துடறேங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது உன் நைனா, "அந்தப் படம் பழசா கீதாம். புதுசா ஒண்ணு வேணும்னு கடைக்காரன் கேட்டான். வாங்கிக் குடு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். நானும் அவர் பக்கத்திலேயேதான் நின்றிருந்தேன் தேவி. கடைக்காரர் அப்படி எதுவும் கேட்கவே இல்லை.

உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று நான் ஓய்ந்துவிட்டேன். புதுப் படம் அனுப்புவதானால் மாப்பிள்ளையோடு எடுத்து அனுப்பு, தனியாக மட்டும் நிற்காதே. இல்லை, படித் திருவிழாவுக்கு இரண்டு பேரும் கிளம்பி வந்துவிட்டால், எல்லோருமாக நின்று இங்கேயே எடுத்துக்கொள்ளலாம். காலண்டரைப் பொங்கலுக்குக் கொடுத்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நீ நூறு வயது இருக்க வேண்டும், கண்ணு.

உன் அம்மா,
சந்திரா