உன் கழுத்தின் படம்

இன்று காலை நம் மரப்பெட்டியை வெளியே தூக்கி வைத்துவிட்டார்கள். எக்ஸ்ரே அறைக்குப் புது மிஷின் வந்திருக்கிறது. பொத்தானை அமுக்கினால் ஃபிலிம் தானாகவே மாறிக்கொள்கிறது. பெட்டியை வராந்தாச் சுவரில் சாய்த்திருந்தார்கள். பக்கத்தில் போனேன், ஹைப்போ வாடை அடித்தது. ஃபிலிம் கழுவுகிற அந்த மருந்து உன் டார்க் ரூமோடு இருக்க வேண்டியது, பெட்டியில் எப்படி ஏறியது? ஈரக்கையோடு தொட்டிருப்பாய். கையைத் துடைத்துக்கொண்டு வாடா என்று எத்தனை தரம் கத்தியிருப்பேன். நீ என்றைக்குக் கேட்டாய்?

யுத்தம் முடிந்து ராணுவ ஆஸ்பத்திரியில் ஆள் குறைத்தபோது, நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் இந்த ஆஸ்பத்திரியில் வந்து சேர்ந்தோம். நான் படம் எடுப்பவன், நீ கழுவுபவன். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டால் ராஜாவே வந்து தட்டினாலும் திறக்கமாட்டாய். அந்தச் சிவப்பு விளக்கடியில் எப்படித்தான் நாள் பூராவும் நிற்கிறாய் என்று கேட்டேன். வெளியே இருப்பதுதான் உனக்குக் கண்ணைக் கூசுகிறது என்றாய்.

பல வருஷம் கழித்து நம் பெரிய டாக்டர் சீமையிலிருந்து ஒரு வித்தை கற்றுக்கொண்டு வந்தார். பக்கவாதம் வந்தவர்களின் கழுத்தில், துடிக்கிற ரத்தக்குழாயிலேயே நேராக ஊசியை ஏற்றி, ஒரு மருந்தைத் தள்ளிப் படம் பிடிப்பது. குழாயின் உள்சுவரில் கொழுப்பு படிந்து எங்கே அடைத்திருக்கிறது என்று அதில் தெரியும். மருந்து அந்த இடத்தில் நிற்பது சில விநாடிதான், அதற்குள் மூன்று ஃபிலிம் மாற்ற வேண்டும். அதற்கு நம்மிடம் மிஷின் ஏது? நீதான் ஃபிலிம் உறையின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினாய். அடுகோடியில் உன் தெருத் தச்சர் செய்துகொடுத்தார். நீளப்பெட்டி, உள்ளே வரிசையாய் ஃபிலிம் வைத்த மூன்று கேசட், இழுத்தால் அடுத்த கேசட் கழுத்தடிக்கு வரும்படி நுனியில் ஒரு கயிறு. டாக்டர் "நௌ" என்றதும் இழுக்க வேண்டும், திரும்ப இழுக்க வேண்டும். நோயாளி முழு நினைவோடுதான் படுத்திருப்பார். மருந்து ஏறும்போது பாதி முகம் தீப்பட்டதுபோல் எரியும். அலறாதவர்கள் குறைவு. அந்த அலறல் டார்க் ரூமுக்குள் உனக்கும் கேட்கும்.

ஒருநாள் ஒரு ரயில்வேக்காரரின் படத்தைக் கழுவி ஈரத்தோடு கொண்டுவந்தாய். அவர் வந்தபோது இருந்ததைவிட மோசமாகி வார்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். நீ அவரையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாய். பிறகு டீக்கடையில் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னாய்: "எனக்கு இது மாதிரி வந்துச்சுன்னா கழுத்துல ஊசி மட்டும் வேணாம்ப்பா. நீ சொல்லிடு." சரி என்றேன். ஒரு டீ குடிக்கிற நேரத்துப் பேச்சுதானே, சரி என்று சொல்வதில் எனக்கு என்ன நஷ்டம்?

அதே டீக்கடையில்தான் இன்னொரு நாள் இடது கண்ணைக் கசக்கிக்கொண்டே, கடை ஷட்டரை இறக்கினாற்போல ஒரு கண் மட்டும் இருட்டிக்கொண்டு வருகிறது, ஐந்து நிமிஷம் இருந்துவிட்டுச் சரியாகிறது என்று சொன்னாய். அடிக்கடி வருகிறதா என்று கேட்டேன். உள்ளே இருக்கும்போது வந்தால் எனக்கு எப்படித் தெரியும் என்று சிரித்தாய். இருட்டிலேயே குடித்தனம் நடத்துகிறவனுக்கு இருட்டு தெரிவது ஒரு வியாதியா என்று நானும் சேர்ந்து சிரித்தேன். டார்க் ரூமில் பிழைக்காத எவனாக இருந்தாலும் அன்றைக்கே கண் டாக்டரிடம் ஓடியிருப்பான். நமக்கு மட்டும் அது தொழிலோடு வந்த தொந்தரவாகத் தெரிந்தது.

அடுத்த மாதம் ஃபிலிம் தொட்டி அருகிலேயே விழுந்தாய். உள்ளே தாழ்ப்பாள். தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுக் கதவை உடைத்துத்தான் உன்னை எடுத்தோம். வலது கையும் காலும் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது, ஒரே ஒரு வார்த்தை தவிர. என்ன கேட்டாலும் "ஆமா" என்றாய். காபியா டீயா என்றால் ஆமா. வலிக்கிறதா, வலிக்கவில்லையா, இரண்டுக்கும் ஆமா. வார்டில் உன் கட்டிலருகே உட்கார்ந்து, உன்னைச் சிரிக்கவைக்கலாம் என்று, "நான் யாரு, உன் மாமனாரா?" என்று கேட்டேன். "ஆமா" என்றாய். உடனே உன் கண் நிறைந்துவிட்டது. தப்பாகச் சொல்கிறோம் என்று உனக்குத் தெரிந்தது. உள்ளே நீ முழுசாக இருந்தாய், வாய் மட்டும் அந்த ஒரு வார்த்தையை விட்டு நகர மறுத்தது. அன்று பிரேசர் டவுன் வரைக்கும் நடந்தே வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

மறுநாள் பெரிய டாக்டர் உனக்கும் அந்தப் படம் எடுக்க வேண்டும் என்றார். உன் மனைவி கமலா என்னைத் தனியே கூப்பிட்டு, "நீங்க கூடவே இருக்கறவங்க, சொல்லுங்கண்ணா, எடுக்கலாமா?" என்று கேட்டாள். டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி நழுவினேன். டாக்டர் நல்ல மனிதர், கேட்காமல் யாரையும் தொடமாட்டார். கன்னடம் கலந்த தமிழில் உன்னிடமே குனிந்து கேட்டார்: "கழுத்துல ஊசி போட்டுப் படம் எடுக்கலாமா? ஒப்புக்கிறீங்களா?"

"ஆமா" என்றாய்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாய். உன் இடது கை என் கோட்டுப் பையைப் பற்றிக்கொண்டது.

ஒரு வாக்கியம்தான் தேவைப்பட்டது. சார், இவன் எல்லாவற்றுக்கும் ஆமாதான் சொல்வான், இவனுக்கு இது வேண்டாம் என்று நல்ல நாளிலேயே என்னிடம் சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான். நான் சொல்லவில்லை. பெரிய டாக்டரிடம் பயம் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பயம் கொஞ்சம்தான். எனக்கு அந்தப் படம் வேண்டியிருந்தது. அடைப்பு எங்கே என்று தெரிந்துவிட்டால் உன்னைத் திருப்பிக் கொண்டுவந்துவிடலாம் என்று நம்பினேன். படம் எடுக்கிறவனுக்குப் படத்தின் மேல் இருக்கிற மூடநம்பிக்கை அது. பையிலிருந்து உன் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துவிட்டுப் பெட்டியைத் தயார் செய்யப் போனேன்.

தோளுக்கடியில் மணல் மூட்டை வைத்து உன் கழுத்தை அண்ணாத்தியதும் நான்தான். தலை அசையாமல் நெற்றியில் பட்டை கட்டியதும் நான்தான். ஊசி ஏறியது. "நௌ" என்றார். இழுத்தேன், இழுத்தேன். உன்னிடமிருந்து அலறல் வரவில்லை. "ஆமா, ஆமா, ஆமா" என்றுதான் வந்தது. ஈய ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, கயிறு கையில் இருக்க, ஓடவும் முடியாமல் காதைப் பொத்தவும் முடியாமல் நின்றேன்.

அப்போது உன் இடத்துக்கு இன்னும் ஆள் போட்டிருக்கவில்லை. கேசட்டை எடுத்துக்கொண்டு நானே உள்ளே போய்ப் புதுத் தாழ்ப்பாளைப் போட்டேன். தொட்டியில் ஃபிலிமை இறக்கினேன். சிவப்பு வெளிச்சத்தில் உன் தாடை வந்தது, கழுத்தெலும்பு வந்தது, பிறகு மருந்து ஓடிய அந்த வெள்ளைக் கோடு. இடது பக்கம் குழாய் இரண்டாகப் பிரிகிற இடத்தில் அது நூலாக இளைத்துப் போயிருந்தது. கழுவி முடிகிறவரை வெளியே வரக்கூடாது, அது நீ போட்ட சட்டம். அத்தனை நேரமும் உன் கழுத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அந்த அறை எவ்வளவு சின்னது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

டாக்டர் ஈரப்படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். நல்ல படம் என்றார். இவருக்கு முன்னாலேயே இடது கண் அவ்வப்போது இருட்டியிருக்கும், யாரிடமும் சொல்லவில்லையா என்று கேட்டார். குழாயில் படிந்த அந்தக் கொழுப்பிலிருந்து துணுக்கு உடைந்து கண்ணுக்குப் போனால் அப்படி ஆகுமாம். கமலா தெரியாது என்று தலையாட்டினாள். நான் ஏப்ரன் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். சரி, இனி என்ன செய்யலாம் என்று கமலா கேட்டதற்கு, வெளிநாட்டில் குழாயைத் திறந்து சுரண்டி எடுக்கிறார்கள், இங்கே இன்னும் இல்லை என்றார். அன்று சாயங்காலம் உன் "ஆமா"வும் போய்விட்டது. ஊசியாலும் இருக்கலாம், தானாகவும் போயிருக்கலாம் என்றார் டாக்டர். எதனால் என்று எந்தப் படத்திலும் தெரியாது.

பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்ததும் அடுகோடிக்கு வருவேன். நீ ஜன்னலோரம் நாற்காலியில் ஓசூர் ரோட்டைப் பார்த்தபடி இருப்பாய். என்னைக் கண்டால் இடது கையைத் தூக்குவாய். நான் ஆஸ்பத்திரிக் கதைகளைச் சொல்வேன். உன் இடத்தில் ஆள் வைத்ததையும் அவன் தொட்டியை அழுக்காக்கியதையும் சொன்னால் உன் புருவம் நெறியும். எல்லாம் கேட்டது உனக்கு, எல்லாம் புரிந்தது. தலையை ஆட்டுவதுகூட, ஆமா என்பதற்கா இல்லை என்பதற்கா என்று உனக்கே பிடிபடாமல் போயிருந்தது. ஆட்டிவிட்டு, தப்பு என்று கண்ணை மூடிக்கொள்வாய்.

இப்போதெல்லாம் பேச்சு போனவர்கள் யார் வந்தாலும் படுக்கவைப்பதற்கு முன்னால் வேண்டுமென்றே தப்பான கேள்வி ஒன்றைக் கேட்கிறேன். உங்க ஊரு டில்லிதானே என்பேன். அதற்கும் ஆமா என்று வந்தால் படம் எடுக்கத் தொடங்கமாட்டேன், டாக்டரிடம் போய் நிற்பேன். நேரம் ஆகிறது என்று எரிந்து விழுவார்கள். விழட்டும்.

ஒரு ஞாயிறு, மழை. கமலா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். நாற்காலியை உன் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். "அன்னிக்கு டாக்டர் கேட்டப்ப உனக்கு வேணாம்னு எனக்குத் தெரியும்டா" என்றேன். நீ திரும்பினாய். எல்லாவற்றையும் சொன்னேன், கண் இருட்டியதை நான் கேலி செய்ததையும், படத்துக்கு நான் ஆசைப்பட்டதையும். நீ கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாய். அடுத்து என்னை மன்னித்துவிடு என்று கேட்க வேண்டும். வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் உறைத்தது. நீ எப்படித் தலையை ஆட்டினாலும் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவேன். மாட்டேன் என்று சொல்ல வழியில்லாதவனிடம் ஒருமுறை சம்மதம் வாங்கியாயிற்று. இன்னொரு முறை வாங்க வந்திருக்கிறேன்.

வாயை மூடிக்கொண்டேன். கமலா வந்து காபி கொடுத்தாள், குடித்துவிட்டுக் கிளம்பினேன். அடுத்த ஞாயிற்றுக்கு நீ இல்லை.

அந்த மன்னிப்பை நான் இன்னும் கேட்கவில்லை. இந்த மடலிலும் கேட்கமாட்டேன்.