கிணற்றடியில் இறக்கிய சாக்குகள்

யூன் 8, ஞாயிறு
சோளகக் காற்று. வாயெல்லாம் மணல். பூசை முடிந்து வந்து பார்த்தால் மன்னார் கீரியில் உள்ள என் காணிக்குள் லொறி. எண்ணெய் ஒதுங்கிய கடற்கரையில் அள்ளிய மணல், சாக்குச் சாக்காக, கிணற்றுக்குப் பக்கத்தில். இங்கேயே புதைக்கப் போகிறார்களாம். சுத்திகரிப்புத் திட்டமாம்! கடலைக் கழுவி என் கிணற்றில் ஊற்றுவதற்கு நல்ல பெயர். தெருவே குடிப்பது இந்தக் கிணற்றில்தான். மற்றதெல்லாம் உவர்.

லொறியோடு வந்த அதிகாரி: "புதைக்கப் போறம் எண்டு அறிவித்தல் ஒட்டினனாங்கள் அம்மா. நீங்கள் மறுப்பு ஒண்டும் சொல்லேல்லை."

எங்கே ஒட்டினார்? நான் காணவில்லை.

யூன் 9, திங்கள்
உப்புக்குளத்துக்குப் போனேன். சட்டத்தரணி நஸ்ரினா. வயது குறைவு, வாய் கூர்மை. "புதைக்க முதல் தடை எடுப்பம் அன்ரி. காணி உறுதிப் பத்திரத்தைக் கொண்டு வாங்கோ."

பக்கத்து வீட்டுச் சூசை அண்ணன்: "அரசாங்கத்தோட மல்லுக்கட்டி ஆர் வெண்டது? விடு தங்கச்சி."

விடமாட்டேன்.

வாங்க: தேயிலை, நெருப்புப்பெட்டி, செருப்பு.

யூன் 12, வியாழன்
நீதிமன்றம்.

நீதிபதி: "அறிவித்தலை உரிமையாளரின் கையில் கொடுத்தீர்களா?"

அதிகாரி: "வேலியில ஒட்டினனாங்கள் ஐயா. மாப்பசை பூசி."

மாப்பசை! மன்னாரில்! பசைக்காகத் தேர்தல் சுவரொட்டியையே விட்டுவைக்காத கழுதைகள் எங்கள் தெருவில் திரிபவை. பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல்: "கழுதை திண்டிருக்கும்." மண்டபமே சிரித்தது. நீதிபதியும் வாயைப் பொத்தினார்.

நஸ்ரினா மட்டும் சிரிக்கவில்லை. "கழுதைக்குக் கிடைத்த அறிவித்தல் என் கட்சிக்காரருக்குக் கிடைக்கவில்லை, கனம் நீதிபதி அவர்களே. கிணற்று நீரையும் இவர்கள் சோதிக்கவில்லை."

கட்டளை: புதைக்கக் கூடாது. இறக்கிய சாக்கெல்லாம் திரும்ப ஏற்றித் தகுந்த கிடங்குக்குக் கொண்டுபோக வேண்டும்.

வென்றுவிட்டேன். வெளியே வந்து அழுதேன். சந்தோசத்தில்தான். நஸ்ரினாவுக்கு ஐஸ்கிரீம்.

யூன் 14, சனி
விடியவே லொறி. கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஒரு சாக்கு கிழிந்திருந்தது. அடி மண்ணையும் அள்ளச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டு அள்ளினார்கள். முணுமுணுக்கட்டும்.

போகும்போது வாசல் மணலில் லொறிச் சில்லுப் புதைந்துவிட்டது. சூசை அண்ணன் கத்தினார்: "எல்லாரும் ஓடி வாங்கோ, தள்ளுவம்!"

தெருவே வந்தது. நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளினேன். அரசாங்கத்து வேலையை இவ்வளவு ஆசையாக நான் செய்ததே இல்லை.